நவ்ரானில் இருப்பவள்

ஜெசிந்தா நவ்ரான் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது தூதரகத் தெருவில் ஏழு நாட்டுக் கொடிகள் பறந்தன. மூன்றே ஆண்டுகளில் ஆறு இறங்கிவிட்டன. முதலில் கிளம்பிய நாட்டுக்காரர்கள் விருந்து வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். கடைசியாகக் கிளம்பியவர்கள் அடுப்பை அணைத்தார்களா என்பதே சந்தேகம். இரண்டு நாள் கழித்து அவர்களுடைய சமையலறையில் தீப்பிடித்து, தெருவே திரண்டு அணைத்தது. இப்போது மிச்சம் இருப்பது இந்தியத் துணைத் தூதரகம் மட்டும். அதில் மிச்சம் இருக்கும் இந்திய அதிகாரி அவள் மட்டும்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அம்மா மரியதங்கம், அண்ணன் அருளப்பன் வீட்டில் இருந்தார். இருபத்திரண்டு வருட வேலையில் ஜெசிந்தா ஐந்து நாடுகளைப் பார்த்துவிட்டாள். தூதரக வேலை என்றால் விருந்தும் கைகுலுக்கலும் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் செய்தது வேறு. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவனுக்கு மாற்றுத் தாள் எழுதித் தந்தாள். சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். செத்துப்போனவனை ஊருக்கு அனுப்பும்போது, பெட்டியில் ஆணி அடிக்கும்முன் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நவ்ரான் மருத்துவக் கல்லூரியில் ஒரு காலத்தில் ஆயிரத்து நானூறு இந்திய மாணவர்கள் படித்தார்கள். இப்போது அறுபத்து மூன்று பேர், படிப்பைப் பாதியில் விட முடியாதவர்கள்.

ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடந்த ஊர் நவ்ரான். வடகரைப் படையும் தென்கரைப் படையும் ஊர் தங்களுடையது என்றன. ஆனாலும் ஐந்து வருடமாக ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்பது ஆறாவது கொடி இறங்கிய வாரத்தில்தான் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது.

அன்று தலைமையகத்திலிருந்து, வெளியார் ஒட்டுக்கேட்க முடியாத தொலைபேசி இணைப்பில் ஒரு புதுக் குரல் பேசியது. கணிப்புப் பிரிவைச் சேர்ந்த கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரன். முப்பது வயதுக்குச் சற்று மேல் இருக்கும்.

"மேடம், நேத்து எத்தனை ரொட்டி வாங்குனீங்க?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "மூணு. எதுக்கு?"

"வழக்கமா ரெண்டுதான வாங்குவீங்க?"

"இன்னைக்குக் கடை லீவு. அதான் கூட ஒண்ணு வாங்கி வச்சேன். இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுறது இருக்கட்டும் மேடம். வடகரைக்கும் தெரியும், தென்கரைக்கும் தெரியும். அந்த ஒரு ரொட்டிக்கு எண் அரைப் புள்ளி ஏறியிருக்கு."

"என்ன எண்ணு?"

கோமதிநாயகம் நிதானமாகச் சொன்னான். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எந்திரம் வச்சிருக்காவ மேடம். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பிள்ளை வருது, மாவு எவ்வளவு போகுது, எத்தனை வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடிச்சிருக்காவ, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். பாத்துட்டு, சண்டை வர நூத்துக்கு இவ்வளவு வாய்ப்புன்னு ஒரு எண் சொல்லும். எழுவதைத் தொட்டுட்டா, எந்திரமே பீரங்கியத் திறந்துவிட்டுரும். மனுசன் கை பட வேண்டாம். எதிராளி முந்துறதுக்குள்ள நாம முந்திரணும்னு ரெண்டு பேரும் அப்படிக் கட்டி வச்சிருக்காவ."

"இப்பம் எவ்வளவு இருக்கு?"

"அறுபத்தொண்ணு."

"இதுல நான் எங்க வாரேன்?"

"கடைசியா மிஞ்சுன வெளிநாட்டுத் தூதரகம் நீங்கதான் மேடம். நீங்க பெட்டியக் கட்டுனா ஒம்பது புள்ளி ஏறும்."

அவன் அதற்குமேல் விளக்கவில்லை. அறுபத்தொன்றையும் ஒன்பதையும் கூட்ட அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவளுடைய உண்மையான வேலை அந்த ஊரில் இருப்பது. காலை எட்டு நாற்பதுக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். ரொட்டி இரண்டு. வியாழக்கிழமை முடி திருத்தும் கடை. வாசல் தொட்டியில் செடிக்குத் தண்ணீர். பெட்டி எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது. பழைய தாள்களைக் கொல்லையில் எரிக்கக் கூடாது. வேகமாக நடக்கக் கூடாது. தெருவில் நின்று அழக் கூடாது. யாரிடமும் இதைச் சொல்லவே கூடாது, ஏனென்றால் தெரிந்தவர்களின் நடை மாறும், அந்த நடையையும் எந்திரம் பார்க்கும். எழுத்தில் எதுவும் வராது. வாரம் இரண்டு முறை கோமதிநாயகம் பேசுவான். ரொட்டி, நடை, தூக்கம் என்று கேட்டுவிட்டு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

அலுவலகத்துக்கு மேல் மாடியிலேயே அவள் குடியிருந்தாள். நான்கு அறைகள். மூன்றில் சாமான் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரலையே கேட்காமல் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சில நாள் மாலையில் வேண்டுமென்றே வானொலியில் தானியக் கூட்டுறவு அறிவிப்புகளைப் போட்டுவிட்டுச் சமைப்பாள். ஊரில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். அவளிடம் பேசத்தான் ஆள் இல்லை.

பேச இருந்த ஒரே ஆள் மெரூனா. பதினான்கு வருடமாகத் தூதரக முன்மேசையில் வேலை பார்த்த உள்ளூர்க்காரி. கணவனை இழந்தவள். பன்னிரண்டு வயதில் ஒரு மகள். இருவரும் நவ்ரானி மொழியில் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது மெரூனா சாதாரணமாகச் சொன்னாள்:

"என் தங்கச்சி நேத்து கேட்டா. பக்கத்து நாட்டுல அவ நாத்தனார் வீடு இருக்கு, அங்க போயிடலாமான்னு. எங்க ஜெசிந்தா இன்னும் ரெண்டு ரொட்டிதான் வாங்குறாங்க, நீ பேசாம இருன்னு சொல்லிட்டேன்."

ஜெசிந்தாவின் கையில் தேநீர்க் கோப்பை நின்றது. எந்திரங்கள் மட்டுமே தன்னைப் பார்ப்பதாக அதுவரை அவள் நினைத்திருந்தாள்.

"உன் தங்கச்சி வேற யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமே," என்றாள்.

"யாரைக் கேட்கிறது? போறவங்களா இருந்தா முதல்ல நீங்கதானே போவீங்க?" என்று மெரூனா சிரித்தாள்.

பனிக்காலம் தொடங்கிய வாரத்தில் அண்ணன் அருளப்பன் கூப்பிட்டார்.

"ஜெசி, அம்மா கிடையில விழுந்துட்டாவ. டாக்டர் ஒரு வாரம் தாண்டாதுன்னு சொல்லிட்டாரு. ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்காவ. நீ எப்பம் வார?"

"லீவு கேக்கேன் அண்ணே."

கோமதிநாயகம் அரை மணி நேரத்தில் திரும்பப் பேசினான். "ஒம்பது நாள் லீவுக்கு ஆறு புள்ளி ஏறுது மேடம். இப்பம் அறுபத்து மூணு. அறுபத்தொம்பதுல போய் நிக்கும். அதுக்கப்புறம் எவனாவது கல்யாண ஊர்வலத்துல ஒரு வெடி போட்டாலே போதும்."

"மூணு நாள் போயிட்டு வாரேன்."

"அவசரமாப் போயி அவசரமாத் திரும்புனா இன்னும் கூட ஏறுது. போட்டுப் பாத்துட்டேன். ஆனா நீங்க போறேன்னு சொன்னா என்னால தடுக்க முடியாது மேடம்."

அவன் தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவனோடு சண்டை போட்டிருக்கலாம். இப்போது யாரோடு போடுவது?

அண்ணனிடம் லீவு கிடைக்கவில்லை என்றாள்.

"சர்க்கார் வேலைன்னா பெத்தவள அடக்கம் பண்ணக்கூட விடமாட்டாவளா? எந்த ஊரு சட்டம் இது?" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லு ஜெசி. ஒனக்கே வர மனசில்லையா?" என்றார்.

அண்ணன் அவள் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் விடிகாலையில் அம்மா இறந்துபோனார். எட்டு நாற்பதுக்கு ஜெசிந்தா ஷட்டரைத் தூக்கினாள். செடிக்குத் தண்ணீர் விட்டாள். பதினோரு மணிக்கு, ஜன்னல் இல்லாத ஆவண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணன் மகள் பிடித்திருந்த கைபேசி வழியாக அடக்கத்தைப் பார்த்தாள். மாதா கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை படம் ஆடிக்கொண்டே போனது. குழிக்குள் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அண்ணன் தன் கையால் ஒரு பிடி போட்டுவிட்டு, குனிந்து இன்னொரு பிடி எடுத்துப் போட்டார். இரண்டாவது தனக்காகத்தான் என்று ஜெசிந்தா நம்பினாள். அண்ணன் கைபேசியின் பக்கம் திரும்பவே இல்லை.

மாலை நான்கு மணிக்கு ரொட்டிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணெல்லாம் சிவந்திருக்கே?"

"வெங்காயம் நறுக்கினேன்."

"உங்க ஊர்க்காரங்க வெங்காயம் இல்லாம எதுவுமே சமைக்க மாட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று எண் ஏறவில்லை.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து தொலைபேசி வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு எந்த நேரம் என்று அவள் அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை.

பனி உருகி ஆற்றில் தண்ணீர் ஏறிய சமயத்தில், வழக்கமான கேள்விகள் எதுவும் கேட்காமல் கோமதிநாயகம் விஷயத்துக்கு வந்தான்.

"மேடம், அறுபத்தாறுக்கு ஏறியிருச்சு. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. பத்தொம்பதாம் தேதி எழுவதைத் தொட்டுரும்னு வருது. இன்னும் ஆறு நாள்தான். இனிமே நீங்க அங்க இருந்து பிரயோசனம் இல்ல. ஒங்களையும் பிள்ளைகளையும் வெளிய எடுக்கோம்."

"எப்படி? நான் நகர்ந்தா ஒம்பது ஏறுமே."

"நகர்ந்தது தெரியாம நகரணும். பிள்ளைகள மலைப்பக்கம் மருத்துவ முகாமுன்னு பஸ்ல ஏத்திருங்க, பெட்டி இல்லாம. நீங்க மூணு நாள் கழிச்சு கிளம்புங்க. ஒங்க கைபேசி அங்கயே இருக்கும். ஒங்க குரல்ல எந்திரம் பேசும். லைட்டு தானா எரியும், அணையும். குழாயில தண்ணி ஓடும். மாடி ஜன்னல்ல ஒங்க நிழல் நடமாடும். மெரூனா வழக்கம்போல வந்து ஷட்டரத் திறப்பாவ. ஒங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டாப் போதும்."

"மெரூனாகிட்ட என்ன சொல்ல?"

"காய்ச்சல்னு மட்டும்."

"அப்பம் பத்தொம்பதாம் தேதி அவ என் ஷட்டரத் திறந்துட்டு உள்ள உக்காந்திருப்பா."

மறுமுனையில் கோமதிநாயகம் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"தெருவுல இருக்கவங்க ஜன்னல்ல என் நிழலப் பாத்துட்டு, இவ இருக்கா, நாம பயப்பட வேண்டாம்னு பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாவ."

"எனக்கும் புரியுது மேடம்."

"பிள்ளைகள அனுப்புதேன். நான் வரல."

"மேடம், இது உத்தரவு."

"எழுத்துல அனுப்புங்க."

"எழுத்துல அனுப்புனா எந்திரம் மோப்பம் புடிச்சிரும்."

"அப்பம் எனக்கு உத்தரவு வரல," என்று அவள் இணைப்பைத் துண்டித்தாள். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். வீரம் என்று எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. ஒருவரை ஏமாற்றி விட்டுவிட்டு வருவதைவிட அங்கேயே இருப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மாணவர் தலைவி சஃபியாவை வரச் சொன்னாள். கீழக்கரைப் பெண். முகாம், இரண்டு பஸ், வெள்ளை அங்கி, ஒரு தோள்பை மட்டும் என்று ஜெசிந்தா சொல்லச் சொல்ல சஃபியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? முகாமுக்கு எங்க சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தோள்பையில ரெண்டு காகிதம் கூட இருந்தா யாருக்கும் தெரியாது," என்றாள்.

"நீங்க எப்ப வருவீங்க மேடம்?"

"பின்னால வாரேன். பஸ்ல எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டுப் போங்க. சத்தமா."

அவர்கள் பாடிக்கொண்டேதான் போனார்கள். மூலைத் திருப்பத்தில் பஸ் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. அறுபத்து மூன்று பேரும் எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று மறுநாள் தகவல் வந்தது. எண் அறுபத்தேழு.

அன்று மதியம் மெரூனாவை ஆவண அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மெரூனா நின்றபடியே கேட்டாள்.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"ஒன்றரை வருஷமா."

"ஒன்றரை வருஷமா என் தங்கச்சியை நான் போகவிடாம பிடிச்சு வச்சிருக்கேன். உங்களைக் காட்டிப் பிடிச்சு வச்சிருக்கேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"சொல்லியிருந்தா நீ போயிருப்ப. நீ போனா உன் தெரு கிளம்பியிருக்கும். எண் ஏறி, நீங்க வழியில இருக்கும்போதே வெடிச்சிருக்கும்."

"வெடிக்காமலும் இருந்திருக்கும். நாங்க உயிரோட எங்கேயாவது ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்திருப்போம்."

"இருந்திருக்கலாம்," என்றாள் ஜெசிந்தா.

மெரூனா சுவரில் சாய்ந்துகொண்டாள். "இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"பத்தொன்பதாம் தேதி என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. நான் இங்கதான் இருப்பேன். ஆனா உன் மகளுக்கு என்ன செய்யணும்னு நீதான் முடிவு பண்ணணும். உனக்குப் பதிலா அதை நான் முடிவு பண்ணக் கூடாது."

"ஒரு வீடு போனா எண் ஏறுமா?"

"ஏறாது."

"தங்கச்சி வீடும் போனா?"

"ஏறாதுன்னு நினைக்கிறேன்."

"அவ மாமியார் வீட்டுல பதினேழு பேர். அவங்க பக்கத்து வீட்டுல எட்டு பேர்." மெரூனா கணக்கை அதோடு நிறுத்திக்கொண்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் வெளியே போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஜெசிந்தா முன்மேசையிலும் தானே உட்கார்ந்தாள். தொலைபேசி ஒருமுறை அடித்தது, தவறான எண்.

பத்தொன்பதாம் தேதி வெயில் நன்றாக அடித்தது. கோமதிநாயகம் காலையிலிருந்து இணைப்பைத் துண்டிக்காமலே இருந்தான். பத்து மணிக்கு அறுபத்தெட்டு. மதியம் இரண்டு மணிக்கு அறுபத்தொன்பது. தெருவில் சில கடைகள் பாதி கதவைச் சாத்தின.

"மேடம், கட்டடத்துக்கு அடியில இருக்க அறைக்குப் போயிருங்க. தயவுசெஞ்சு," என்றான்.

ஜெசிந்தா கீழறைக்குப் போகவில்லை. சமையலறையில் ஒரு கூடைப் பச்சைப்பட்டாணி இருந்தது. அதையும் ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டாள். முன்மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே நடைபாதையில், வெயிலில் போட்டு உட்கார்ந்தாள். பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள். வேகமாக உரிக்கக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். முதல் பத்து நிமிடம் விரல்கள் கேட்கவில்லை, பாதி பட்டாணி கீழே உருண்டது.

போகிறவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் நின்று, "விருந்தா?" என்று கேட்டார். "ஆமாம், எனக்கே எனக்கு," என்றாள். எதிரே பாதி சாத்திய கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மறுபடி திறந்தார்.

மூன்று மணி வாக்கில் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வைக்கும் சத்தம் கேட்டது. மெரூனா. உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு கை பட்டாணியை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

"மகள்?" என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

"தங்கச்சியோட நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிட்டேன். கல்யாணம்னு சொல்லியிருக்கோம். நாலே பேர்தான் போயிருக்காங்க."

"நீ ஏன் போகல?"

"நான் போனா, நீங்க இதை ஒழுங்கா உரிக்க மாட்டீங்க," என்றாள் மெரூனா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்க மேல கோபம் போகல. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும்."

இருவரும் பொழுது சாயும்வரை உரித்தார்கள். உரிக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகு, உரித்ததில் சொத்தையைப் பொறுக்கினார்கள். கிண்ணத்தோடு உள்ளே போனபோது இணைப்பில் கோமதிநாயகம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எண் ஐம்பத்தெட்டு.

மூன்று நாள் அவனிடமிருந்து தகவல் இல்லை. நான்காம் நாள் பேசினான்.

"மேடம், ஏன் ஏறிச்சுன்னு தோண்டிப் பாத்துட்டோம். போன மாசம் பதினோராம் தேதி, ஒங்கள வெளிய எடுத்துரலாமான்னு மேல ஒரு கூட்டம் நடந்துச்சு. சும்மா யோசனைதான், முடிவுன்னு இல்ல. அப்பம் இங்க யாரோ விமானத்துக்கு எடம் இருக்கான்னு பாத்திருக்காவ. அங்க உள்ள எந்திரங்க அதைக் கண்டுபிடிச்சிருச்சு. இவ பத்தொம்பதுக்குள்ள போயிருவான்னு முடிவு கட்டி, அன்னையிலருந்து ஏத்த ஆரம்பிச்சிருச்சு."

"அப்பம், நீங்க என்னயக் கூப்பிடலாமான்னு நெனச்சதாலதான் ஏறிச்சு."

"ஆமா. ஏறுனதப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டோம்."

"வேற காரணமே இல்ல?"

"இல்ல மேடம். நீங்க அன்னைக்கு வெளிய வந்து உக்காந்ததும் எந்திரங்களுக்குத் தங்க கணக்கு தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. இவ போக மாட்டான்னு எழுதிக்கிடுச்சு. இப்பம் நாப்பத்தாறு. இந்த ஊர் இவ்வளவு கீழ வந்ததே இல்ல. ஆனா நீங்க கிளம்புனா ஏறுறது இப்பம் ஒம்பது புள்ளி இல்ல. இருவத்தாறு."

அவள் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே புதிதாகக் கேட்டது. "அதாவது, இனிமே ஒரு நாள்கூட நகர முடியாது."

"ஒங்க ரிட்டயர்மென்டுக்குள்ள ஏதாவது பண்ண யோசிக்கச் சொல்லியிருக்கேன் மேடம். ஏதாவது வழி இருக்கும்," என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

வெளியே போன மாணவர்களை வேறு ஊர்க் கல்லூரிகளில் சேர்த்துவிட்டார்கள். சஃபியா ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள். நவ்ரானில் இப்போது அவளைத் தவிர ஒரு இந்தியக் குடிமகன்கூட இல்லை. மாற்றுத் தாள் கேட்டு யாரும் வரவில்லை. ஜெசிந்தா எட்டு நாற்பதுக்கு ஷட்டரைத் தூக்கினாள், ஐந்து மணிக்கு இறக்கினாள்.

இரண்டு மாதம் கழித்து மெரூனா மகளை அழைத்துவரத் தங்கையின் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை. ஒரு கடிதம் வந்தது. 'எண் இறங்கிவிட்டது என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் என் பிள்ளையை ஒரு எண்ணுக்குள் வைத்து வளர்க்க என்னால் முடியவில்லை. இங்கே யாரும் யாரையும் பார்த்து ரொட்டி வாங்குவதில்லை. ஆற்றங்கரைக் கடையில் தேயிலை வாங்காதீர்கள், கலப்படம்.' கடிதத்தில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஜெசிந்தா அதைப் பலமுறை படித்தாள். பதில் எழுதினாள், தேயிலையை மாற்றிவிட்டதாக.

கோடை முடியும்போது தெருவின் கோடியில் ஒரு பழைய கட்டடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். குளிர்ந்த தீவு நாடு ஒன்று அங்கே துணைத் தூதரகம் திறந்தது. ஒரே ஒரு அதிகாரி. அவரும் அவளைப்போல ஊரில் இருப்பதற்காகவே வந்திருக்கிறார் என்பது அவளுக்குச் சொல்லாமலே விளங்கியது. கோமதிநாயகம் எச்சரித்தான்: இரண்டு தூதரகக்காரர்கள் தனியாகப் பேசினால் எண் ஏறும். பொது இடத்தில் ஒரு நிமிடத்துக்குமேல் வேண்டாம். ஆகவே மூன்று வாரம் இருவரும் ஒரே தெருவில் நடந்தார்கள், தலையை அசைத்துக்கொண்டார்கள், அவரவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். அவருக்கு அறுபது வயது இருக்கும். சட்டைக் காலரை யாரும் சரிசெய்து விடாதவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மருந்துக் கடையில் அவர் அவளுக்கு முன்னால் நின்றார். பயங்கர இருமல். நவ்ரானி மொழியில் மருந்து கேட்கத் தெரியாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரப் பெண் கழுத்துவலித் தைலத்தை எடுத்து வைத்தாள்.

ஜெசிந்தா சரியான வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் திருப்பிச் சொன்னார், தப்பாக. கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். சரியான மருந்து வந்தது.

"நன்றி. என் பெயர் எய்னார்," என்றார் ஆங்கிலத்தில். "உங்கள் பெயர்?"

ஒரு நிமிடம் முடியப் போவது அவளுக்குத் தெரியும். தன் பெயரை யாரும் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பதும் தெரியும்.

"ஜெசிந்தா."

"யெசின்டா?"

"இல்லை. ஜெ. ஜெசிந்தா."

அவர் மூன்றாம் முறையில் சரியாகச் சொன்னார். அதற்குள் இருமல் வந்து, அவள் தண்ணீர் கேட்டு வாங்கித் தந்து, அவர் குடித்து, தன் ஊரில் இருமலுக்குக் கடற்பாசிக் கஷாயம் குடிப்பார்கள் என்று சொல்லி, அது எவ்வளவு மோசமாக நாறும் என்று முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

மாலையில் கோமதிநாயகம் கூப்பிட்டான்.

"மேடம், மருந்துக் கடையில நாலு நிமிஷம் இருந்திருக்கீங்க."

"தெரியும். எவ்வளவு ஏறிச்சு?"

"ஏறல. எந்திரம் அதைத் தூதரகப் பேச்சுன்னே எடுத்துக்கல. அக்கம்பக்கத்துப் பேச்சுன்னு எழுதியிருக்கு. நாளைக்கு அவரப் பாத்தா, இருமல் எப்படி இருக்குன்னு நீங்க கேக்கலாம்."

"இது உத்தரவா?"

"இல்ல மேடம். நானாத்தான் சொல்லுதேன்."

ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்தாள். இரண்டு வருடமாக வாரம் இருமுறை பேசுகிறவன். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"நாயகம், ஒங்க வீட்டுல எல்லாரும் நல்லாருக்காவளா?"

எண்ணைச் சொன்னதும் வைத்துவிடுகிறவன் இன்னும் இணைப்பில் இருந்தான்.

"மகளுக்கு அம்மை போட்டிருக்கு மேடம்," என்று தொடங்கினான் அவன். "ஒரு வாரமாச்சு. வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு. பக்கத்துலயே உக்காருங்கப்பான்னு சொல்லுதா..."

"சொல்லுங்க," என்றாள் ஜெசிந்தா. "மொதல்லருந்து சொல்லுங்க."